மேல்வரிசைக்குத் தண்ணீர்

தாசையன் ஓய்வு பெற்ற மறுவருஷம் மழைக்காலத்தில் இறந்தார். மாரடைப்பு. நேமத்து வீட்டின் முன்னறையில் பெட்டியில் கிடத்தியபோது மகள் ஷிபா அவருடைய வலது உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே காய்ப்பு அப்படியே இருந்தது. இத்தனை மாதம் வீட்டில் சும்மா இருந்தும் கரையவில்லை.

இரும்புச் சாவி திருகித் திருகி வந்த காய்ப்பு அது. குடிநீர் விநியோக அலுவலகத்தில் அவருக்கு வால்வ் ஆபரேட்டர் வேலை. தெருவோரக் குழியின் மூடியைத் தூக்கி, நெஞ்சு உயரச் சாவியை உள்ளே இறக்கி, அதன் குறுக்குக் கம்பியை இரு கையாலும் பிடித்துச் சுற்ற வேண்டும். ஒரு பகுதிக்குக் குறைத்தால்தான் இன்னொரு பகுதிக்கு ஏறும். பூஜப்புரைக்கு மேலே குன்றுச் சரிவில் இருக்கும் வீடுகள் அவர் பொறுப்பு. இரவில் பள்ளத்து வீடுகளுக்காகக் குன்று வால்வைப் பாதியாகக் குறைத்திருப்பார்கள். விடியும்போது தாசையன் வந்து முழுக்கத் திறந்தால்தான் மேல்வரிசைக்குத் தண்ணீர்.

பாறசாலைப் பக்கத்துக்காரர். வீட்டுப் பேச்சும் ஜெபமும் தமிழில். கோபம் வந்தால் மலையாளம். வேலையில் கெட்டிக்காரர் என்று பெயர். அந்தப் பெயரோடு ஐம்பத்து நான்கு வயது வரை வந்துவிட்டார். அதன் பிறகுதான் பிடிப்பு விட்டது.

அது ஒரே நாளில் விடவில்லை. அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பென்ஷனுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போதே ஆளைப் போனவராக எண்ணிக்கொள்வார்கள். புதிய கருவிக்குப் பயிற்சி என்றால் அவர் பெயரை விட்டுவிடுவார்கள். புதுக் குழாய் எந்த வழியாகப் போகலாம் என்று பேசும்போது அவரிடம் கேட்க மாட்டார்கள். எல்லாம் அன்பாகத்தான். ‘அண்ணன் இனி எதுக்குக் கஷ்டப்படணும்’ என்பார்கள். தாசையன் முதலில் சிரித்தார். பிறகு அவரும் அதை நம்பத் தொடங்கினார்.

லிங்கராஜ் அவரோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். பள்ளியில் சேர்த்த வாத்தியார்கள் இருவருக்குமே மே மாதத்தில் பிறந்தநாளைப் போட்டு வைத்ததால் ஓய்வும் ஒரே நாளில். லிங்கராஜ் பென்ஷன் கணக்கிலேயே குடியிருந்தார். காலையில் எழுந்ததும் தாசையனுக்குப் போன் போடுவார். பல் தேய்ப்பதற்கு முன்பே பென்ஷன் பேச்சு வந்துவிடும்.

அந்த வருஷம் குன்று அடிவாரத்தில் ரோடு போட்டபோது பழைய வால்வை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். பழையது வலப்பக்கம் சுற்றினால் திறக்கும். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்த சரக்கு. புதியது மற்ற எல்லா வால்வையும் போல இடப்பக்கம் சுற்றினால் திறக்கும். மாற்றிய அன்று தாசையன் கூடவே நின்றார். ஒரு மாதம் சரியாகத்தான் சுற்றினார்.

ஒரு காலையில் காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு சாவியை இறக்கினார். மறுமுனையில் லிங்கராஜ்.

“எடே தாசையா, பென்ஷன் கம்யூட்டேஷன் எழுதிக் குடுத்தியா?”

“இல்லடே.”

“எழுதிக் குடு, கேட்டியா. பொறவு ஓடி நடக்காத.”

கை பழைய பழக்கத்தில் வலப்பக்கம் சுற்றியது. பாதி திறந்த வால்வ், எந்தப் பக்கம் சுற்றினாலும் ஏறக்குறைய அதே தூரத்தில்தான் முட்டும். முட்டியது. வழக்கமாகத் திறக்கும்போது குழிக்குள் ஓர் இரைச்சல் எழுந்து அடங்கும். அன்று காதில் பென்ஷன் இருந்தது. மூடியைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதே விடியலில் குன்றின் உச்சி வீட்டில் பிச்சுமணி இறந்திருந்தார். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரமனைத் தெருவில் இருந்த பூர்விக வீட்டை விற்றுவிட்டு அவரும் மனைவி லலிதாம்பாளும் அங்கே வந்து பல வருஷம் ஆகியிருந்தது. உடலைக் குளிப்பாட்ட வேண்டும். வந்தவர்கள் எல்லோரும் குளிக்க வேண்டும். தொட்டி காலி, குழாயில் சொட்டுக்கூட இல்லை. மகன் ஹரிஷங்கர் அலுவலகத்துக்குப் போன் செய்தான். போன் தாசையனிடம் வந்தது.

“நான் திறந்தாச்சு. மேல ஏற கொஞ்சம் நேரம் எடுக்கும்” என்றார்.

அரைமணி கழித்து மறுபடி போன். “சார், வீட்டுல மரணம் நடந்திருக்கு.”

“அறிஞ்சேன். வால்வ் முழுக்கத் திறந்து கெடக்கு. நானாக்கும் திறந்தது.”

மூன்றாவது தடவை அவன் போன் செய்யவில்லை.

நண்பகலில் உதவிப் பொறியாளர் விஷ்ணுப்ரியா தாசையனையும் கூட்டிக்கொண்டு குழிக்கு வந்தாள். நகரத்துக் கோட்டைப் பகுதியில் வளர்ந்த பெண், முப்பது வயது. தாசையன் சாவியை இறக்கி, சரிபார்ப்பதற்காக இடப்பக்கம் லேசாக அசைத்தார். சுற்றியது. இன்னும் சுற்றியது. சுற்றிக்கொண்டே போனது. கீழே தண்ணீர் கிளம்பிய சத்தம் இருவருக்கும் கேட்டது. அவர் நிமிராமல் கடைசி வரை திருகி முடித்தார். விஷ்ணுப்ரியா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பைப்பில காத்து அடைச்சிருக்கும்” என்றாள், ஜீப்பில் ஏறும்போது.

கணினியில் அப்படியே பதிவாயிற்று: ஏர் லாக், சரிசெய்யப்பட்டது. ஒருவரும் அவரைத் திட்டவில்லை. விளக்கம் கேட்கவில்லை. இளவயதில் ஒரு மூடியைச் சரியாக வைக்காததற்கு மேலதிகாரி அவரை நடுரோட்டில் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கியது அவருக்கு நினைவு வந்தது. அன்று அழுகை வந்தது. ஆனால் தான் அங்கே இருப்பதாகத் தெரிந்தது.

மறுநாள் விஷ்ணுப்ரியா கூப்பிட்டாள். “தாசையண்ணே, இனி நீங்க வெயிலில அலையணும்னு இல்லே. கம்ப்ளெயின்ட் போன் பக்கத்தில இருந்தா மதி, போதும். சரியல்லே?”

“அது லிங்கராஜ் இருக்க சீட்டல்லா?”

“அவர் ஸ்டோருக்கு மாறுறார். சீட் காலி.”

வீட்டில் மனைவி லீலாபாய்க்கு மகிழ்ச்சி. “கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஃபேனுக்குக் கீழ இருந்து சம்பளம் வாங்குங்க. அந்தச் சாவியச் சுமந்து தோளே ஒரு பக்கம் சாஞ்சு போச்சு.”

தாசையன் நாற்காலியில் உட்கார்ந்தார். போன் வந்தால் வீட்டு எண்ணைக் கேட்டுக் கணினியில் தட்ட வேண்டும். ‘சரியாக்கிடலாம்’ என்று சொல்ல வேண்டும். பிறகு சரியாயிற்றா என்பது அந்த நாற்காலிக்குத் தெரிய வராது. மாலையில் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் அதில் வியர்வை இல்லை. இரவில் தூக்கம் வரவில்லை. லீலாபாயிடம் சர்க்கரை கூடியிருக்கும் என்று சொல்லி வைத்தார்.

அந்த நாற்காலியில் இருந்தபோதுதான் ஒரு மதியம் மெலிந்த குரலில் ஒரு போன்.

“நான் குன்னு மேலேந்து லலிதாம்பாள் பேசறேன். கம்ப்ளெயின்ட் ஒண்ணும் இல்லே. ஒரு காரணம் தெரியணும்.”

“சொல்லுங்க மாமி.”

“எங்காத்துக்காரர் போன அன்னைக்குத் தண்ணி வரல்லே. பதிமூணு நாளும் ஆயிடுத்து, காரியமெல்லாம் முடிஞ்சுடுத்து. ஏன் வரல்லேன்னு யாரும் சொல்லல்லே.”

தாசையன் திரையைப் பார்த்தார். “பைப்பில காத்து அடைச்சதுன்னு போட்டிருக்கு.”

“முன்னாடி நாள் அடைக்கல்லே. மறுநாளும் அடைக்கல்லே. காத்துக்கு அன்னைக்குத்தான் வரத் தோணித்தா?”

அவர் திரையில் அந்த வரியை மறுபடி வாசித்தார். “சரி, வெச்சுடறேன்” என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, லீலாபாயை வீட்டில் இறக்கிவிட்டு, வெள்ளைச் சட்டையோடு ஸ்கூட்டரில் குன்று ஏறினார். லலிதாம்பாள் கேட்டருகே செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தாசையன் உட்காரவில்லை. வால்வை மாற்றியது, கை பழைய பக்கம் சுற்றியது, காதில் போன் இருந்தது எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். தானே திறந்ததாக இரண்டு தடவை சாதித்ததையும் சொன்னார்.

அவள் பாதிக் குடத்தைக் கீழே வைத்தாள்.

“அப்போ காத்து இல்லே.”

“இல்ல. நானாக்கும்.”

“அடுத்தாத்துக் கிணத்துலேந்து எடுத்துண்டோம். பாவம், அந்த கிறிஸ்தவாள் ஆத்துப் பசங்கதான் இறைச்சுக் கொடுத்தா. ஹரி அன்னைக்கு உங்களைத் திட்டித் தீர்த்துட்டான்.”

“திட்டணும்.”

“நான் திட்டல்லே. எனக்குக் காரணம் தெரியணும், அவ்ளோதான். அவரும் அப்படித்தான். கணக்குலே ஒரு ரூபா இடிச்சாலும் ஏன் இடிக்கறதுன்னு தெரிஞ்சாத்தான் சாப்பிட வருவார்.” கொஞ்சம் யோசித்தாள். “நீங்க திறக்கறேளே, அப்புறம் வந்ததா வரல்லையான்னு யார் பாப்பா?”

“பாக்க மாட்டோம். கம்ப்ளெயின்ட் வரல்லன்னா வந்துதுன்னு அர்த்தம்.”

“நன்னா இருக்கு. இந்த வரிசையிலே கடைசிக் குழாய் எங்களோடதுதான். கேட்டுக்கு வெளியிலேயே இருக்கு. திறந்துட்டு வந்து பாத்துட்டுப் போங்கோ. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

தாசையன் கேட்டுக்கு வெளியே போய் அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். குன்று இறங்கும் வழியெல்லாம் அவருக்கு ஒன்றே ஓடியது. இத்தனை வருஷமாக அவருடைய வேலை குழியில் முடிந்திருக்கிறது. தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை விஷ்ணுப்ரியாவிடம் போய்ச் சாவியைத் திருப்பிக் கேட்டார்.

“அண்ணே, யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல்ல. அதாக்கும் பிரச்சினை.”

அவள் பதிவேட்டை எடுத்து அவர் பெயரைக் குன்றுக்கு மாற்றி எழுதினாள். “மறுபடி அப்படி நடந்தா நான் ஏர் லாக்னு எழுத மாட்டேன், கேட்டோ.”

“எழுதாதீங்க மேடம். என் பேரைப் போடுங்க.”

லிங்கராஜுக்கு அது புரியவே இல்லை. “கெடைச்ச கசேரியில இருந்து எவனாவது எந்திச்சுப் போவானாடே? உனக்குக் கிறுக்காக்கும். ரெண்டு வருஷம் கழிஞ்சா உனக்குப் பொன்னாடையும் எனக்குப் பொன்னாடையும் ஒண்ணுதான்.”

“ஒண்ணுதான். நீ ரெண்டு வாங்கிக்க.”

அன்றிலிருந்து போனை ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வால்வைத் திறப்பார், திறந்ததும் குன்று ஏறுவார். உச்சிக் குழாயைத் திறப்பார். முதலில் காற்று வரும், பிறகு துரு நிறத்தில் கொஞ்சம், பிறகு தெளிந்து வரும். தெளிந்த பிறகு ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு இறங்குவார். இதற்கு உத்தரவும் கிடையாது, பயணப்படியும் கிடையாது. லலிதாம்பாள் சொன்னபடி எதுவும் கேட்பதில்லை. சில நாள் ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். சில நாள் காப்பி வரும்.

பெங்களூரில் கருவிப் பொறியாளராக வேலை பார்க்கும் ஷிபா இதைப் போனில் கேட்டு, “அதுக்குப் பேரு மூடிய சுற்று, அப்பா. அனுப்பினதோட நிக்காம, போய்ச் சேந்துதான்னு அளந்து, திரும்பி வந்து திருத்துறது. எங்க வேலையே அதுதான்” என்றாள்.

“பேரெல்லாம் கெடக்கட்டும் மக்ளே. மேல போயி வர்றதுக்குப் பெட்ரோல் யாரு தருவா?”

அவள் சிரித்தாள். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பழைய ஆர்வம் திரும்பி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. முப்பது வயதில் புதுக் குழாய் போட்டால் சாப்பாட்டை மறந்து நின்ற மனுஷன் திரும்பி வரவில்லை. அலாரம் அடித்தால் எழுந்திருக்க எரிச்சலாகத்தான் இருந்தது. மழையில் ஸ்கூட்டரை உதைக்கும்போது நாற்காலியின் நினைப்பும் வந்தது. அதை லீலாபாயும் விடாமல் சொல்லிக் காட்டினாள். ஆனால் தூக்கம் வந்தது. சர்க்கரையைப் பற்றிய பேச்சு நின்றது. மனசு வருகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்பதை அவர் விட்டுவிட்டார். தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்தார்.

கடைசி வருஷத்தில், மலையாளத்துத் துலாம் மாதத்தில், ஐப்பசி இடிமழை பெய்து ஓய்ந்த ஒரு விடியலில், உச்சிக் குழாயைத் திறந்தபோது நீண்ட நேரம் காற்று மட்டுமே வந்தது. பிறகு அதுவும் நின்றது. தாசையன் குழாயையும் தன் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். போன் பெட்டியில்தான் இருந்தது. சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கை தானாகப் பழைய பக்கம் போயிருக்கிறது.

லலிதாம்பாள் பக்கெட்டோடு வந்து நின்றாள்.

“வரல்லையா?”

“வரும் மாமி. பக்கம் மாறிப் போச்சு. இப்பம் வாறேன்.”

ஸ்கூட்டரைத் திருப்பிக் குன்று இறங்கினார். வழியிலேயே விஷ்ணுப்ரியாவுக்குப் போன் செய்து, மறுபடி தப்பாகச் சுற்றிவிட்டதாகவும் சரிசெய்யப் போவதாகவும் சொன்னார். அவள் தூக்கக் குரலில், “எத்தனை வீட்டுக்குத் தண்ணி போகல்லே?” என்று கேட்டாள். உச்சி வீட்டைத் தவிர இன்னும் ஒரு வீடும் எழுந்திருக்கவில்லை என்றார். “அப்போ எதை எழுதறது?” என்று வைத்துவிட்டாள்.

குழி முழுக்க மழைத் தண்ணீர். சாவி வால்வின் தலையைத் தேடிப் பிடிக்கச் சற்று நேரமாயிற்று. இடப்பக்கம் சுற்றினார். இரைச்சல் எழுந்து அடங்கும்வரை குனிந்தே நின்றார். மறுபடி குன்று ஏறினார்.

குழாய் திறந்தபடி இருந்தது. துரு நிறம் போய்த் தெளிந்து, பக்கெட்டில் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. லலிதாம்பாள் இடுப்பில் கையை வைத்து நின்றாள். தாசையன் முழங்கால்வரை சேற்றோடு வண்டியை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்துண்டே நிக்கறேளே. நெறயறது, அந்தப் பக்கெட்டை நகத்தி அடுத்ததை வையுங்கோ.”

நகர்த்தி வைத்தார்.