புரூஃப் பார்த்தவள் எழுதிய புரோகிராம்

கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துவந்தேன். நல்ல நேரம், இராகு காலம், முகூர்த்த நாள் எல்லாம் என் கண் பட்ட பிறகுதான் மெஷினுக்குப் போகும். கணவர் விருதுநகரில் வீட்டு மாடியிலேயே வேலை பார்க்கும் புரோகிராமர். எர்லாங் என்ற கம்ப்யூட்டர் மொழிமேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம். டெலிபோன் இணைப்பகங்களுக்காகப் பிறந்த மொழி அது. எங்கள் பக்கத்தில் அது தெரிந்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

ஆடிப்பெருக்கு அன்று புதுக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியானதும் ஏஜென்ட்டுகள் எல்லோரும் ஒரே நேரத்தில், காலண்டரில் அச்சிட வேண்டிய கடைப் பெயரும் படமுமாக ஆர்டர் போடுவார்கள். அச்சகத்தின் வெப்சைட் மத்தியானத்துக்குள் படுத்துவிடும். முதலாளி அண்ணாச்சி படும் பாட்டைப் பார்த்து நான்தான் கணவரை அழைத்துப் போனேன்.

“எர்லாங்ல எழுதினா ஒவ்வொரு ஆர்டரும் தனித்தனியா ஓடும் அண்ணாச்சி. ஒண்ணு விழுந்தா மத்தது நிக்காது. கூட்டம் கூடுனா இன்னொரு கம்ப்யூட்டரச் சேத்துக்கிடலாம்” என்றார் அவர்.

“அது சரி தம்பி. நீங்க ஒரு காய்ச்சல்ல படுத்துட்டீகன்னா நான் யார்கிட்ட போயி நிக்க? இந்தப் பாஷை தெரிஞ்ச இன்னொரு ஆளக் காட்டுங்க.”

கணவரின் முகம் வாடிவிட்டது. அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், “நான் படிக்கிறேன் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது, “நெசமாத்தான் சொன்னியா?” என்று கேட்டார்.

“பின்ன, வெளையாட்டுக்குச் சொல்லுவாகளா?”

முதலில் ஒன்றும் புரியாமல் அழுதேன். ஆனால் எர்லாங்கில் வரிகள் காற்புள்ளியில் தொடர்ந்து, அரைப்புள்ளியில் பிரிந்து, முற்றுப்புள்ளியில் முடிகின்றன. அது பிடிபட்டதும் பயம் போய்விட்டது. எங்காவது புள்ளி மாறிக் கிடந்தால் அவருக்கு முன்னால் என் கண்ணில் படும். “இங்கன பாருங்க” என்று விரல் வைத்துக் காட்டுவேன். அதில் அவருக்கு என்னைவிடச் சந்தோஷம்.

அண்ணாச்சியும் ஒத்துக்கொள்ள, கணவர் எழுதிய புது புரோகிராம் அடுத்த ஆடிப்பெருக்குக்கு ஓடத் தொடங்கியது. அன்று பார்த்துக் கணவருக்குக் கடுமையான பல்வலி. பிடுங்கியே ஆக வேண்டும் என்று போய்விட்டார். அச்சகத்தில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஆர்டர்கள் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தன. அப்போது அருப்புக்கோட்டை ஏஜென்ட் போன் செய்தார்.

“ஏம்மா, எம் பேரன் படம் ஏறவே மாட்டேங்குது. நானும் விடாம அமுக்கிக்கிட்டே இருக்கேன்.”

பார்த்தால், போட்டோ போட வேண்டிய இடத்தில் பேரனின் வீடியோவைப் போட்டிருக்கிறார். அவருடைய ஆர்டர் மட்டும் விழுவதும் எழுவதுமாக இருந்தது. ஒன்றிரண்டு முறை விழுந்தால் பாதகமில்லை. ஓயாமல் விழுந்தால் எல்லா ஆர்டரையும் கவனிக்கும் பகுதியே கைவிட்டுவிடும். அத்தனை பேரும் நின்றுபோவார்கள். “கொஞ்சம் கையெடுங்கய்யா” என்று அவரிடம் கெஞ்சிவிட்டுக் கணவரைக் கூப்பிட்டேன்.

எடுத்தார். வாய் நிறையப் பஞ்சு.

“வீடியோ வந்தா ‘போட்டோ மட்டும் அனுப்புங்க’ன்னு சொல்ல ஒரு பிரிவு எழுதுறேன். ஓடும்போதே மாத்திரட்டுமா?”

“ம்ம்.”

“நிறுத்தாமலேயா?”

“ம்ம்ம்!”

எர்லாங்கில் ஓடும் புரோகிராமை நிறுத்தாமலேயே மாற்றலாம். படித்திருந்தேனே தவிர நான் தனியாகச் செய்ததில்லை. எழுதி, மூன்று தடவை புரூஃப் பார்த்து ஏற்றினேன். ஆர்டர்கள் ஒரு நொடிகூட நிற்கவில்லை. சற்று நேரத்தில் அருப்புக்கோட்டைப் பேரன், முன்பல் இரண்டும் இல்லாமல், போட்டோவாக வந்து சேர்ந்தான். அண்ணாச்சியிடம் சொன்னபோது, “அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்றார். அதைவிட நல்ல சொல்லை அவரிடமிருந்து நான் எதிர்பார்த்திருக்க முடியாது.

வீட்டில் கணவர் கன்னம் வீங்கிக் காத்திருந்தார். குழைந்த ரசம் சாதத்தை ஒரு பக்கமாகவே மென்றுகொண்டு, நான் எழுதிய வரிகளைப் போனில் திரும்பத் திரும்பப் படித்தார். “சாப்பாடு ஆறுது” என்றேன். காதில் விழவில்லை.