கரிக்கோடு போட்ட முட்டைகள்

ஆமை முட்டையைப் புரட்டக் கூடாது என்பது அறுபத்தாறு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. சொன்னவள் என் பேத்தி. பழவேற்காட்டுப் பக்கம் ஆமைக்குஞ்சு பொரிக்க வைக்கும் இடத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துப் போயிருந்தார்கள். திரும்பி வந்து சாப்பாட்டின்போது எனக்கு வகுப்பெடுத்தாள்.

"உள்ள கரு மேல் பக்கமா ஒட்டிட்டிருக்கும் தாத்தா. பொரட்டிப் போட்டா செத்துடும். அதனாலதான் எடுக்கும்போதே பென்சில்ல மேல மார்க் பண்ணிக்கிறாங்க."

சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். என்ன ஆச்சு என்று கேட்டாள். அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

திருவொற்றியூர்க் குப்பத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையே அப்போது மணல் இருந்தது. இப்போது பாறாங்கல் கிடக்கிறது. மாசி பங்குனியில் ஆமைகள் கரையேறி முட்டையிடும். அதைத் தோண்டி வேகவைத்துத் தின்பதைக் குப்பத்தில் யாரும் தப்பாக நினைத்ததில்லை. எனக்குப் பத்து வயது. இப்படியே தின்றுகொண்டிருந்தால் இந்தக் கடலில் ஆமையே இருக்காது என்று வாத்தியார் சொன்னபோது வகுப்பில் அழுதவன் நான் ஒருவன்தான். அழுததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அம்மாவின் தம்பி கட்டுமரத்தில் போகிறவர். ஒரு விடியற்காலை பை நிறைய ஆமை முட்டையோடு கரையிலிருந்து வந்தார். பின்னால் கூட்டாளி ஒருவர். நான் மாமாவின் காலைக் கட்டிக்கொண்டேன்.

"உடுறா நைனா, பசிக்குது."

"வாணாம் மாமா. உள்ள குட்டி கீது."

"இன்னா மாமு, அக்கா புள்ள அழுவுறான்னு பட்டினி கெடக்கப் போறியா?" என்றார் கூட்டாளி.

மாமா என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "எடுத்துக்கினு போ. நம்ம நாஷ்டா கோயிந்தா."

மணலில் மறுபடி புதைத்தால் நாய்கள் தோண்டிவிடும். அம்மாவோ வாசலிலேயே தடுத்துவிட்டாள். ஆமை சம்பந்தப்பட்ட எதுவும் வீட்டுக்கு ஆகாது என்பது அவள் நம்பிக்கை. மாமா கல்யாணமாகாதவர். தன் குடிசை ஓரத்தில் மீன்கூடை ஒன்றை வைத்து மணல் நிரப்பிக் கொடுத்தார். "எங்கூட்ல கெட்டுப் போறதுக்கு இன்னா கீது?" என்றார்.

முட்டையைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அப்பாவின் தங்கையான அத்தையின் கோழிகளிடம் கற்றது. அடைவைத்த முட்டைகளில் அத்தை ஒரு பக்கம் கரியால் கோடு போட்டிருப்பாள். கோழி தீனிக்கு எழுந்து போகும்போது கோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகப் புரட்டி வைப்பாள். ஒரே பக்கமாகக் கிடந்தால் குஞ்சு ஓட்டில் ஒட்டிக்கொள்ளுமாம். நானும் கோடு போட்டேன். தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் மணலை விலக்கி, ஒன்றுகூட விடாமல் புரட்டினேன்.

வாத்தியார் என்னை வகுப்பின் முன் நிறுத்தி எல்லாரையும் கைதட்டச் சொன்னார். கரையில் மாமாவுக்குக் கிடைத்தது வேறு. "அடை உக்காந்தியே மாமு, குஞ்சு வந்துச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் என்னைச் சீண்டுவார்: "ராவுல பசிச்சா நாலு எடுத்துக்கவா நைனா?"

பொரிக்க வேண்டிய காலம் போய்விட்டது. கூடையிலிருந்து நாற்றம் வந்தது. ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன், பிறகு இன்னொன்றை. எல்லாவற்றிலும் அழுகிய தண்ணீர்தான்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த மாமாவிடம் ஓடினேன். கூட்டாளி எதிரிலேயே கத்தினேன். "நீதான் வெந்நி ஊத்திக்கீறே! துன்ன முடியலன்னு ஆத்திரம் ஒனக்கு!"

"டேய், இவன் ராவெல்லாம் முழிச்சி கூடையாண்ட நாயத் தொரத்திக்கினு..." என்று கூட்டாளி ஆரம்பித்தார். மாமா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா நைனா. நான்தான் ஊத்தினேன்."

அதை வகுப்பில் சொன்னேன். அவர் பேரையும் சொன்னேன். என் வகுப்புப் பிள்ளைகள் அவர் குடிசையைக் கடக்கும்போது காறித் துப்பிவிட்டுப் போனார்கள். அதன்பிறகு அவரோடு நான் பேசவில்லை. அவர் கொண்டுவந்த மீனைத் தொடவில்லை. நான் திருச்சியில் கல்லூரியில் இருந்தபோது அவர் இறந்த செய்தி வந்தது. பரீட்சை இருந்ததால் போகவில்லை. பரீட்சை இல்லாவிட்டாலும் போயிருப்பேனா என்பது சந்தேகம்.

முட்டைகள் ஏன் அழுகின என்று அவருக்கும் தெரிந்திருக்காது. பழி சொல்ல ஓர் ஆள் கிடைக்காவிட்டால் அந்தப் பையன் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வான் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. செய்யாததை ஒருவர் செய்தேன் என்று ஒப்புக்கொள்வார் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியாது.

ஊற்றியதாக ஒப்புக்கொண்ட அன்று சாயங்காலம் மாமா கூடையைத் தூக்கிக்கொண்டு கடலோரம் போனார். கையாலேயே ஆழமாகக் குழி தோண்டி, நாறிப்போன முட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கி வைத்தார். மணலைத் தள்ளி மூடி, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினார். கட்டுமரத்தின் மறைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். செய்த குற்றத்தை ஒளிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.