காவு கேட்ட மிஷின்

மிஷின் எண்ணெயும் கற்பூரமும் கலந்த ஒரு வாசனை உண்டு. ஆயுத பூஜை அன்று எங்கள் அப்பா வேலை பார்த்த டப்பா பேக்டரிக்குள் கால் வைத்ததுமே அது மூக்கில் ஏறிவிடும். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், எழுதுவது அதைவிட மெதுவு. ஆனால் அங்கே நடந்ததை என்னைப்போல ஒழுங்காகச் சொல்ல இன்றைக்கு வேறு ஆள் கிடையாது.

பெங்களூரில், லிங்கராஜபுரம் பக்கம் ரயில் பாதையை ஒட்டி இருந்தது அந்தப் பேக்டரி. சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். பவுடர் டப்பா, பிஸ்கட் டப்பா எல்லாவற்றுக்கும் அங்கே தகரத்தில் மூடி வெட்டுவார்கள். அப்பா நின்ற மிஷினின் பக்கவாட்டில் இரண்டு பல் சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு திறந்தபடியே சுற்றும். ஒரு நாள் உருண்டு விழுந்த மூடியை எடுக்கக் குனிந்தவருக்குச் சட்டைக் கை அதில் மாட்டி, வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

அன்று சாயங்காலமே மேஸ்திரி, மிஷின் "காவு" கேட்டிருக்கிறது என்று சொல்லிப் பூசணிக்காய் வாங்கி வந்து அதன் முன்னால் உடைத்தாராம். அதற்கப்புறம் ஆள் மாற்றி ஆள் நிறுத்தி ஓட்டினார்கள். கேட்டதை எடுத்துக்கொண்டது, இனி யாரையும் தொடாது என்று அப்பாவே கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லுவார். அவருக்கு "கேட்" காவல் வேலை கொடுத்தார்கள். பூஜை முடிந்ததும் அவர் நின்ற இடம் அம்மாவின் தம்பிக்கு என்று பேச்சு. மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம், வீட்டில் அம்மாவைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம்.

பூஜை அன்று வழக்கப்படி குடும்பத்தோடு போனோம். மிஷின்களுக்கெல்லாம் விபூதிப் பட்டை, சாமந்தி மாலை. பிள்ளைகள் கையில் பொரியும் வெல்லமும். முதலாளி கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். குங்குமத் தட்டை அம்மாவிடம் நீட்டி, ரத்தம் கொடுத்த வீட்டுக்காரி நீயே முதல் பொட்டு வைத்தால் மிஷின் சாந்தமாகிவிடும் என்றார். மரியாதை என்று நினைத்துத்தான் சொன்னார். அம்மா தட்டை வாங்கி அப்படியே தரையில் வைத்துவிட்டு, இந்தச் சக்கரத்தை ஏன் திறந்து போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"ஏம்மா, மிஷினுக்கு முக்காடு போடச் சொல்றியா?" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள்.

"முக்காடோ என்னவோ. ஊர் டப்பாவுக்கெல்லாம் மூடி செய்யறீங்க, இதுக்கு ஒண்ணு செய்யக்கூடாதா? அது வர்ற வரைக்கும் என் தம்பி இதுகிட்ட நிக்க மாட்டான்."

"இருக்கிற வேலைக்கும் உலை வெச்சிடாதே" என்று அப்பா பல்லைக் கடித்தார். முதலாளி அம்மாவை விட்டுவிட்டு மாமாவைப் பார்த்தார். வேண்டாம் என்றால் வேறு பத்துப் பேர் காத்திருந்தார்கள், அது மாமாவுக்கும் தெரியும். அவர் மெதுவாக நடந்து வந்து அம்மா பக்கத்தில் நின்றுகொண்டார்.

"ஆயித்தம்மா, சரி, செய்யலாம்" என்றார் முதலாளி.

"செய்யுங்க. அதுக்கு வந்து பொட்டு வைக்கிறேன்."

தகரத்தை வளைத்து மூடி அடிக்கப் பாதி நாள்கூட ஆகவில்லையாம். அம்மா சொன்னபடி போய்ப் பொட்டு வைத்துவிட்டு வந்தாள். மறுநாளே மாமா அந்த மிஷினில் வேலைக்கு நின்றார். அப்பா ரொம்ப நாள் அவளோடு பேசவில்லை. மற்ற மிஷின்களுக்கு யாரும் தானாக மூடி போடவில்லை. அந்தந்த மிஷினில் நின்றவர்கள் வீட்டுப் பெண்கள் கேட்க வேண்டியிருந்தது. சிலர் கேட்டார்கள், சிலருக்குப் பயம். எங்கள் தெருவில் அதற்குப் பிறகும் துணி சுற்றிய கைகளைப் பார்த்தேன்.

இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். பேக்டரியும் இல்லை, மேஸ்திரியும் இல்லை, அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். போன வருஷம் மாமாவும் போனார். கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதற்காக அவருடைய இரண்டு கைகளையும் எடுத்து நெஞ்சின்மேல் வைத்தார்கள். சுற்றி நின்று அழுதவர்களில் அந்தப் பத்து விரல்களையும் எண்ணிப் பார்த்தது நான் ஒருத்திதான்.