திதி வெண்பாவில் ஒரு சொல்

மலாயாவை ஜப்பான் பிடித்திருந்த காலத்தில் உங்கள் கணவரை என்ன செய்தார்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். அடித்தார்களா, சிறையில் போட்டார்களா என்று ஆவலாகக் கேட்பார்கள். இரண்டும் இல்லை, ஒரு சொல்லை மாற்றினார்கள் என்பேன். அவ்வளவுதானா என்பதுபோல் முகம் தொங்கிப்போகும்.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை அன்று கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்போம். இறந்தவரின் குலம், உத்தியோகம், மனைவி மக்களின் புலம்பல் எல்லாம் அதில் பாட்டாக இருக்கும். முதல் பக்கத்தில் திதி வெண்பா. எந்த மாதம், எந்தத் திதியில் போனார் என்று சொல்லும் நாலு வரி. வருஷாவருஷம் திவசத்துக்கு நாள் பார்க்க அது வேண்டும். அதனால் மற்றப் பக்கங்கள் செல்லரித்துப் போனாலும் அந்தப் பக்கத்தை யாரும் தொலைக்கமாட்டார்கள். பினாங்கில் நம்மவர் வீட்டில் சாவு விழுந்தால் என் கணவரைத்தான் தேடி வருவார்கள். அவர் பகலில் குமாஸ்தா, மற்ற நேரமெல்லாம் செத்தவர்களுக்குப் புலவர்.

கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் குடியிருந்து ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர், என் கணவருக்குப் பள்ளிக்கூடத்துத் தோழர். ஒளித்து வைத்து ரேடியோ கேட்கிறார் என்று யாரோ போட்டுக்கொடுத்தார்கள். ஜப்பான்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு, வந்து பிணத்தை எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஆள் அனுப்பினார்கள். குளிப்பாட்டிய ஆண்களில் என் கணவரும் ஒருவர். "முதுகிலை தோலே இல்லை" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அன்றைக்கு அவித்து வைத்த மரவள்ளிக் கிழங்கை அவர் தொடவில்லை.

தோழரின் மனைவி கல்வெட்டு கேட்டாள். எழுதினார். திதி வெண்பாவிலேயே, 'அடியுண்டு மாண்டான்' என்று வைத்தார். நான் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"இஞ்சாருங்கோ, இதைப் புலம்பலுக்குள்ள எங்கையாவது வைக்கக் கூடாதோ?"

"புலம்பலை ஆர் திரும்பப் படிக்கினம்? இதிலை வைச்சாத்தான் நிக்கும்" என்றார்.

அச்சேறும் எதற்கும் ஜப்பான்காரரின் தணிக்கை அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், முத்திரை வாங்க வேண்டும். அங்கே தமிழ்த் தாள்களைச் சரிபார்த்தவன் ஜப்பான்காரன் அல்ல, நம் ஆள். போருக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்து, என் தோசையைத் தின்றுகொண்டே என் கணவர் பாட்டுக்குத் தலையாட்டியவன்.

"காய்ச்சல்னு மாத்திருங்கண்ணே. எனக்கும் குடும்பம் இருக்குலா" என்றானாம்.

"காய்ச்சலுக்கு முதுகு கிழியுமோ தம்பி? மாத்த மாட்டன். வேணுமெண்டா அந்த இடத்திலை புள்ளி போட்டு விடு."

"புள்ளி போட்டா என்னா ஏதுன்னு எல்லாரும் கேப்பாங்க. அது இன்னும் மோசம்."

இவர் விடவில்லை. திரும்பத் திரும்ப அந்தக் கந்தோருக்கு நடந்தார். ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்ற சிப்பாய்க்கு இடுப்பு வளைத்துக் கும்பிட வேண்டும். கோயிலில்கூட இவர் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. கடைசியில், அச்சிடவே வேண்டாம், தாளைத் திருப்பிக் கொடு என்று கேட்டார். அது மேலிடத்துக்குப் போய்விட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டான். பிறகு அந்தச் சொல்லை அவனே வெட்டி, 'காய்ச்சலால் மாண்டான்' என்று எழுதி, முத்திரை குத்தி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டான். பொய்யும் ஆயிற்று, வெண்பாவும் கெட்டது. கீழே என் கணவர் பெயர் மட்டும் பிழையில்லாமல் இருந்தது.

அந்தியேட்டி வீட்டில் புத்தகத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் இவருக்குத் தெரியும். எழுதியவரே எழுந்து பாடுவது எங்கள் வழக்கம். முதல் பக்கத்தைத் திறந்தார், மூடினார், தொண்டை சரியில்லை என்று உட்கார்ந்துவிட்டார். வேறொருவர் பாடினார். சொல்லை வெட்டிய அந்தக் கந்தோர்ப் புண்ணியவானும் பந்தியில் இருந்து, மரவள்ளிப் பாயசத்தை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்தான். அவன் முகத்தில் ஊற்றியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

அதற்குப் பிறகு இவர் சரியான வெண்பாவைத் துண்டுத் தாள்களில் எழுதி, புத்தகம் வாங்கியவர்கள் வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய், மேலே ஒட்டிக்கொள்ளச் சொன்னார். வாங்கியவர்கள் அடுப்பில் போட்டார்கள். ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தே கொடுத்தார். "குறை நினையாதேங்கோ, வீட்டிலை பிள்ளையள் இருக்கினம்" என்றார். இத்தனை நாளும் இவருடைய தமிழைத் தலையில் வைத்து ஆடியவர்கள் இவர்கள்தான்.

வருஷத் திவசத்துக்கு ஃபெரி ஏறி பட்டர்வொர்த்துக்குப் போனோம். ஐயர் கிரியை முடித்ததும், இறந்தவரின் மகள் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. திதி வெண்பாவைப் புத்தகம் பார்க்காமல் கணீரென்று பாடினாள். காய்ச்சலால் என்ற இடத்தில் குரலை இழுத்து, அழகாகவே பாடினாள்.

"பிள்ளை, அந்த இடம்..." என்று என் கணவர் தொடங்கினார்.

"பிழையாப் பாடிட்டனா மாமா? அப்பாவுக்குக் காய்ச்சல்தானே?"

அடுக்களை வாசலில் அவளுடைய தாய் அகப்பையோடு நின்றாள். இவரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அங்கே இருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் உண்மை தெரியும்.

"ஓம் பிள்ளை, காய்ச்சல்தான். வடிவாப் பாடினாய்" என்றார் என் கணவர்.

திரும்பும்போது ஃபெரியில், "கந்தோரிலை நான் ஒத்துக்கொள்ளேல்லை, உனக்குத் தெரியும்தானே?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அந்தத் தாயின் மேல் எனக்கு வந்த கோபம் நியாயமில்லாத கோபம். அவள் பிள்ளையை உயிரோடு வளர்க்கப் பார்த்தாள். ஆனாலும் வந்தது, இன்னும் இருக்கிறது.

இவர் அதற்குப் பிறகு யாருக்கும் கல்வெட்டு எழுதவில்லை. ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் வந்தான், அவனும் போனான். அன்று பாடிய அந்தப் பெண் இப்போது பேரப்பிள்ளைகள் கண்டுவிட்டாள். ஒரு வருஷமும் திவசம் தவறியதில்லை. அந்த நாலு வரியைப் பேரப்பிள்ளைகளுக்கும் பாடமாக்கிக் கொடுத்திருக்கிறாள், எழுதியவர் பெயரோடு.