கை நடுங்காத வெள்ளிக்கிழமை

"…அடக்காத புள்ள, நடுங்குனா நடுங்கட்டும். ஆவியானவரு எறங்குற நேரத்துல யாராச்சும் கைய மடக்குவாங்களா?" என்றார் ரூத்தக்கா.

மஸ்கட்டில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து தங்கியிருந்த அறை அது. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. கட்டில்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பாய் விரித்து ஜெபம் செய்வோம். அன்று நான் உயர்த்திய கைகள் உதறின. வெட்கப்பட்டு மடக்கப் போனபோதுதான் அக்கா தடுத்தார்.

நான் மலைமேல் இருக்கும் சூரியநெல்லிக்காரி, எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவள். ரூத்தக்காவுக்கு அதே மலைப்பக்கத்துச் சக்குபள்ளம். ஏலக்காட்டு வேலையை விட்டு எனக்குப் பல வருடம் முன்பே மஸ்கட்டுக்கு வந்தவர். ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் இருவருக்கும் வேலை. "இந்த ஊரு மொதல்ல தூக்கத்தப் பறிக்கும், அப்புறம் பயத்தப் பறிக்கும், அதுக்கப்புறம் நீயே வேலைக்குப் பழகிருவ" என்று வந்த அன்றே சொன்னார். ஆட்கள் போகிறபோக்கில் சொல்வதையெல்லாம் மனதில் பொறுக்கி வைத்துக்கொள்வது என் வழக்கம். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அப்படிப் படித்ததுதான் அதிகம்.

அக்கா சொன்னபடியே தூக்கம் போனது. திரும்பி வரவில்லை. மற்றவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டேன், ஆனால் சுடிதார் தோளில் நிற்காமல் நழுவியது. படுத்தால் நெஞ்சு தலையணைக்குள் அடிப்பதுபோல் கேட்கும். உட்கார முடியாது. சாப்பிட்டு முடித்ததும் அடுத்தவர்கள் தட்டையும் பிடுங்கிக் கழுவுவேன். குளிரில் வளர்ந்த உடம்பில் பட்ட வெயில், இஸ்திரி மெஷினின் ஆவி, ஊர் நினைப்பு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாவற்றையும் நம்பினேன்.

கை நடுக்கத்துக்கு மட்டும் யாரும் வெயிலைக் குறை சொல்லவில்லை. அதற்கு அபிஷேகம், ஆவியானவர் இறங்கியதன் அடையாளம் என்று பெயர். பக்கத்து அறைகளிலிருந்துகூட வந்து, "என் புருஷனுக்காக ஜெபி", "பிள்ளை பரீட்சைக்காக ஜெபி" என்று என் கையைத் தங்கள் தலைமேல் வைத்துக்கொண்டார்கள். கடைப் பலகையைக்கூட எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாத ஊர். இன்னார் மகள் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. அங்கே எனக்கு இருந்த ஒரே விலாசம் அந்த நடுக்கம்தான்.

ஒருநாள் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு தாறுமாறாக ஓடி, கண் இருட்டி, தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரூத்தக்காதான் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். மருத்துவர் எலப்புள்ளி என்ற ஊரைச் சேர்ந்த தமிழ்ப் பெண். அவர் தமிழைக் கேட்டதுமே பாதி தெம்பு வந்தது.

"ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க பாக்கலாம்."

நீட்டினேன். விரல்கள் துடித்தன. பழக்கதோஷத்தில் அக்கா "ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்தார். மருத்துவர் கழுத்தைத் தொட்டு எச்சில் விழுங்கச் சொன்னார், கண்ணைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்தது: ஹைப்பர்தைராய்டிசம் (கழுத்தின் முன்புறம் உள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வது).

"வண்டி நின்னுட்டு இருக்கறப்பவே ஆக்சிலேட்டர அமுத்திட்டே இருந்தா எப்படிங்க? அதானுங்க இந்தப் படபடப்பு, நடுக்கம் எல்லாம்" என்றார்.

வெளியே வந்ததும் அக்கா என் பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

கார்பிமசோல் (சுரப்பியின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரை) கொடுத்தார்கள். இதைச் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் சும்மா இருக்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கிளினிக் மருத்துவர் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது அதுதான். ஹோட்டலில் விடுப்பு கொடுத்து, உடம்பு சரியானால் வா என்று ஊருக்கு அனுப்பினார்கள்.

சூரியநெல்லிக் குளிரில் மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. எடை ஏறியது. அம்மா சந்தோஷப்பட்டாள். ஒரு ஞாயிறு எங்கள் எஸ்டேட் சபையில் கைகளை உயர்த்தினேன். இரண்டும் கொடிக்கம்பம்போல நின்றன. சுற்றிலும் பாட்டும் கண்ணீரும். எனக்குள் ஒன்றுமே இல்லை, ஆள் காலி செய்துபோன வீடு மாதிரி. அப்படியென்றால் அத்தனை வெள்ளிக்கிழமையும் என்மேல் இறங்கியது யார்? சுரப்பிதானா? யாரிடம் கேட்பது?

யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். நடுங்கினால் ஆவியானவர் திரும்பி வருவார் என்று ஒரு கணக்கு. நடுக்கம் வந்தது. அதற்கு முன்பே பழைய நிலைகொள்ளாமை வந்துவிட்டது. லயத்து வாசலில் மேலும் கீழும் நடந்தேன். உள்ளே இருந்தால் வெளியே போகவேண்டும், வெளியே போனால் உள்ளே வரவேண்டும். அவர் மட்டும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ரூத்தக்கா விடுமுறைக்கு ஊர் வந்தவர், ஜீப் பிடித்து என்னைப் பார்க்க வந்தார். தேநீர் கொதிப்பதற்குள் நான் எத்தனை தடவை எழுந்தேன் என்று அவருக்குத்தான் தெரியும். அலமாரியில் பிரிக்காமல் கிடந்த மாத்திரை அட்டையைப் பார்த்தார். என்னடி இது என்றார். சொன்னேன்.

"நடுங்காட்டி அவரு வரமாட்டேங்கிறாருக்கா."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அட்டையை எடுத்து அதன் தூசியைத் துடைத்தார்.

"எனக்கு இத்தன வருசத்துல ஒரு வெள்ளிக்கெழமகூடக் கை நடுங்குனதில்ல புள்ள. ஒன்னயப் பாத்து எனக்குப் பொறாமையாக்கூட இருந்துச்சு. அதுக்காக அவரு எங்கிட்ட வந்ததே இல்லைம்பியா?"

இன்றும் சில இரவுகளில் நெஞ்சு வேகமாக அடிக்கும். முன்பென்றால் யார் வந்திருக்கிறார் என்று காத்திருப்பேன். இப்போது இது என் உடம்பு, கொஞ்ச நேரத்தில் அடங்கும் என்று அதனிடமே சொல்கிறேன். அமைதியாக இருக்கும் நேரம் காலியான நேரம் இல்லை என்பதை இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்று அப்படிக் கேட்டுவிட்டு ரூத்தக்கா எழுந்தார். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கித் தன் உள்ளங்கையில் வைத்து என் முன்னால் நீட்டினார். நான் எடுக்கும்வரை அந்தக் கையை அவர் இறக்கவில்லை.