எல்லைக்கு அகலம் இல்லை

நான் தத்துவம் படித்ததற்குக் காரணம் அறிவுத் தாகம் அல்ல. கல்லூரியில் மற்ற வகுப்புகள் எல்லாம் நிரம்பிவிட்டன. விண்ணப்பத்தை நீட்டியபோது எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், தத்துவத்தில் ஆள் இல்லை, சேர்ந்துகொள்கிறாயா என்று கேட்டார். எதில் சேர்ந்தாலும் விடுதியில் மூன்று வேளைச் சோறு உண்டு என்பது எனக்குத் தெரியும். சேர்ந்தேன். அதையே கற்பித்துப் பிழைத்து, ஓய்வும் பெற்றாயிற்று. இத்தனை வருடத்தில் பழைய கிரேக்கர்கள் இடத்தைப் பற்றிச் சொன்ன பாடத்தை மட்டும் நான் நிதானமாக நடத்தியதே இல்லை. ஒரு மணி நேரப் பாடத்தை இருபது நிமிடத்தில் ஓட்டிவிட்டு, மிச்ச நேரத்துக்குக் குறிப்பு எடுக்கச் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் நான் சோம்பேறி என்று நினைத்திருப்பார்கள்.

நீடாமங்கலத்திலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் எங்கள் வீடு. வீடு என்றால் ஒரு குடிசை. அது ஊரிலும் இல்லை, சேரியிலும் இல்லை. மிராசுதாரின் நஞ்சைக்கு நடுவே, தண்ணீர் ஏறாத ஒரு மேட்டுத் திடலில் தனியாக இருந்தது. அப்பா அந்தப் பண்ணையின் ஆள். வயலுக்குக் காவலாக இருக்கட்டும் என்று அவருடைய அப்பாவை அங்கே குடிவைத்திருந்தார்கள். நாலு பக்கமும் வயல். தெற்கே ஒரு வரப்பு மட்டும் கப்பிச் சாலை வரைக்கும் போகும். எதிரே ஆள் வந்தால் ஒருவர் தோளைச் சாய்த்து வழிவிட வேண்டும், அவ்வளவு அகலம். முன்னே ஒருவர் பின்னே ஒருவராகக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போகலாம். அம்மாவின் கடைசிப் பயணம் அந்த வரப்பில்தான்.

நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது புதிய சட்டம் வந்தது. மிராசுதாரின் மனையில் குடியிருக்கிற விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம் என்று அரசு சொல்லிவிட்டது. கரைவேட்டிக்காரர்கள் மேடை போட்டுச் சொன்னார்கள். செங்கொடிச் சங்கத்துக்காரர்கள், மேடையில் சொன்னால் போதாது, மனுப் போடுங்கள் என்று குடிசை குடிசையாக வந்து சொன்னார்கள். அண்ணன் சங்கத்தில் இருந்தான். அப்பாவும் சங்கம் சொன்னபடி, மிராசுதாரை ‘ஆண்டே’ என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு ‘ஐயா’ என்று கூப்பிடப் பழகியிருந்தார். மனுவை யாரிடமாவது கொடுத்து எழுதச் சொல்லலாம் என்றான் அண்ணன். வீட்டில் ஒரு காலேஜுப் பெண்ணை வைத்துக்கொண்டு வெளியாளிடம் போவதா என்று அப்பா கேட்டார். ஆக, அது என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்லக் கூடாது, நான் ஆசையோடுதான் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பருவத்தில்தான் வகுப்பில் கிரேக்கர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்துப் போயிருந்தது. குடத்தில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீரின் இடம் எது? குடம் அல்ல, குடத்தின் உட்புறம் தண்ணீரைத் தொடுகிற அந்தப் பரப்பு. ஒரு பொருளின் இடம் என்பது அதைச் சூழ்ந்திருப்பதன் உள் எல்லை. கேட்டதும் எனக்குப் பத்திரம்தான் ஞாபகம் வந்தது. நம் ஊர்ப் பத்திரத்தில் மனை இன்னது என்று எவரும் எழுதுவதில்லை. இன்னாருடைய வயலுக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு என்று நாலு பக்கத்தையும் சொல்லிவிட்டு, நடுவில் மிஞ்சுவதை உன்னுடையது என்கிறார்கள். எங்கள் ஊர்க் கணக்கப்பிள்ளை கிரேக்கம் படித்திருக்கிறார் என்று விடுதியில் சொல்லிச் சிரித்தேன்.

அந்தத் திமிரோடு மனு எழுத உட்கார்ந்தேன். வடக்கே மிராசுதார் நஞ்சை, கிழக்கே மிராசுதார் நஞ்சை, மேற்கே அதுவே, தெற்கேயும் அதுவே. பார்க்க அழகாக இருந்தது. அப்பா குந்தி உட்கார்ந்து நான் வாசிப்பதைக் கேட்டார்.

“தெக்கால வரப்பு இருக்குல்ல, அதையும் சேத்து எழுதிப்புடு ஆயி.”

“வரப்பு வயலோட எல்லைப்பா. எல்லைக்கு அகலம் கெடையாது. அது ஒரு எடமே இல்ல.”

அப்பா தெற்கே திரும்பி அந்த வரப்பைப் பார்த்தார். வருடம் தவறாமல் அதன் பக்கங்களை மண்வெட்டியால் சீவி, சீவிய அளவுக்குச் சேற்றை அள்ளி அணைத்து, அகலம் குறையாமல் காப்பாற்றி வந்தவர் அவர். அதன் அகலம் அவருக்குக் கையளவில் தெரியும். ஆனாலும் படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு ரேகை வைத்தார். அவர் முகத்தில் அப்போது இருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வரும்.

பட்டா வந்தது. அப்பா அதை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கூரைக் கழியில் செருகி வைத்தார். சந்தோஷம் குறுவை அறுப்பு வரைக்கும்தான் நின்றது. அறுப்புக் கூலியில் தகராறு வந்து, வெளியூர் ஆட்களை இறக்கினார்கள், சங்கம் மறித்தது, போலீஸ் வந்தது. அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய்த் திருச்சியில் அடைத்துவிட்டார்கள். அண்ணி அப்போது ஆறு மாதம்.

நான் தீபாவளி லீவுக்கு வந்தபோது வரப்பைக் காணவில்லை. காணவில்லை என்றால் முழுக்கப் போய்விடவில்லை. சம்பா நடவுக்கு முன்னால் வழக்கம்போல வரப்புச் சீவியிருக்கிறார்கள், வெளியூர் ஆட்களை வைத்து. இரண்டு பக்கமும் சீவியவர்கள் சேற்றைத் திரும்ப அணைக்கவில்லை. ஒரு சாண் அகலத்துக்கு வழவழவென்று ஒரு மண்கோடு நின்றது. சாலையோரம் அதன் வாயில் கருவை முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது என்றாள் அண்ணி. நான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, முள்ளைத் தாண்டி, இரண்டு இடத்தில் வழுக்கி வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் மிராசுதாரின் காரியக்காரர் சாலையில் சைக்கிளை நிறுத்தினார். நானும் அப்பாவும் முள்ளுக்கு இந்தப் பக்கம் நின்றோம். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

“ஒன் எடம் ஒன்னோடது, அதுல நீ இருந்துக்க. எங்க வயலு எங்களோடது, அதுல காலு வைக்காத. நாலு பக்கமும் எங்க நஞ்சைன்னு சர்க்காரே எழுதியிருக்குடா. நீ குடுத்த மனுவப் பாத்துத்தான எழுதுனாங்க?”

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் தேவலை.

அண்ணிக்குக் கார்த்திகைக் கடைசியில் பேறுகாலம். முதல் பிரசவம் குடிசையிலேயே நடந்து, அந்தக் குழந்தை அரை நாள்தான் இருந்தது. இந்த முறை ஆஸ்பத்திரிக்கு வராமல் இருக்கக் கூடாது என்று நர்ஸ் அடித்துச் சொல்லியிருந்தார். கால் வேறு வீங்க ஆரம்பித்திருந்தது. அந்த ஒரு சாண் வரப்பில் அப்பா கழைக்கூத்தாடி மாதிரி போய் வந்துவிடுவார். நானும் விழுந்து எழுந்து போய்விடுவேன். அண்ணியால் நாலடி வைக்க முடியாது. அவளைத் தூக்கிக்கொண்டு போகவும் இரண்டு பேர் கால் வைக்க இடம் இல்லை. சங்கத்துக்காரர்கள் ஒருநாள் வயலில் இறங்கி எங்களைப் பார்க்க வந்தார்கள். பயிரை மிதித்தார்கள் என்று அவர்கள் மேல் ஒரு கேஸ் விழுந்தது. அண்ணனோடு சேர்த்து இன்னும் நாலு பேர் உள்ளே போவது யாருக்கும் நல்லதாகப் படவில்லை. வருவது நின்றுபோனது.

தாலுக்கா ஆபீசுக்கு நான் போனேன். பாதை விட்டுப்போய்விட்டது, சேர்த்துக்கொடுங்கள் என்று இன்னொரு மனு எழுதினேன். இந்த முறை கிரேக்கர்கள் யாரையும் கூட்டிக்கொள்ளவில்லை. அங்கே இருந்தவர் நல்ல மனிதர்தான். வாங்கிப் படித்துவிட்டு, நின்ற பயிரில் சங்கிலி இழுத்து அளக்க முடியாதும்மா, தையில் அறுப்பு முடியட்டும், வந்து அளக்கிறோம் என்றார். அண்ணியின் வயிற்றில் இருப்பதற்குத் தை வரை பொறுக்கச் சொல்லி யார் எழுதிப் போடுவது? லீவு முடிந்தும் நான் கல்லூரிக்குத் திரும்பவில்லை. அண்ணியை அப்பாவிடம் விட்டுவிட்டு எப்படிப் போவது?

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. வயலில் தண்ணீர் ஏறி, திடல் மட்டும் மிஞ்சியது. வாசலில் இருந்து இருபது எட்டு வைத்தால் கிழக்கு முடிந்துவிடும், பதினாறு எட்டில் மேற்கு. எங்களுக்குச் சொந்தமான பூமி முழுவதையும் ஒரு நாளைக்கு நூறு தடவை நடந்தேன். புத்தி பாடத்திலேயே சுற்றியது. வெற்றிடம் என்று ஒன்று இல்லாவிட்டால் எதுவும் நகர முடியாது என்று அந்தக் கிரேக்கர்களில் சிலர் சொன்னார்கள். தேவையில்லை, மீன் நீந்தவில்லையா, முன்னால் இருக்கிற தண்ணீர் விலகிப் பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறதே என்று மற்றவர்கள் மறுத்தார்கள். விலகுவதற்குத் தண்ணீருக்கு மனது இருந்தது, மிராசுதாருக்கு இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் இயல்பான இடம் உண்டு, கல் கீழே போகும், நெருப்பு மேலே போகும் என்றும் ஒரு பாடம் இருந்தது. அதைச் சொன்னவர் எங்கள் ஊரில் பிறந்திருந்தால் யாருடைய வீட்டில் பிறந்திருப்பார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொருவர் கேட்ட கேள்வி மட்டும் எனக்கு ஆறுதலாக இருந்தது. உலகத்தின் கடைசி ஓரத்தில் போய் நின்றால், அங்கிருந்து கையையோ கம்பையோ வெளியே நீட்ட முடியுமா, முடியாதா என்று கேட்டாராம் அவர். ஒருநாள் மத்தியானம் மழை விட்டிருந்தபோது, அப்பாவின் கம்பை எடுத்துக்கொண்டு திடலின் தெற்கு ஓரத்தில் போய் நின்று, வயலுக்கு மேலே நீட்டினேன். நீட்ட முடிந்தது. எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அண்ணி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள், கொக்கு ஓட்டுகிறாயா பாப்பா என்று சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

“நோவு கண்டா எப்புடி பாப்பா போறது?”

கம்பைக் கீழே போட்டுவிட்டு, அவள் பார்க்காதபடி குடிசைக்குப் பின்னால் போய் அழுதேன். பின்னால் போவதற்கும் பத்து எட்டுதான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, விடிந்ததும் அண்ணிக்கு இடுப்பு வலித்தது. வலி விட்டு விட்டு வந்தது. அப்பா கூரைக் கழியில் இருந்து பட்டா இருந்த எண்ணெய்க் காகிதப் பொட்டலத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வரப்பில் இறங்கினார். அவர் எங்கே போகிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் தடுக்கவில்லை.

அண்ணியும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. பெண். இன்றைக்கு அவளுக்கே பேரன் இருக்கிறான். முதலில் இதைச் சொன்னால்தான் மற்றதை என்னால் சொல்ல முடியும். அன்று பகலிலேயே பண்ணை ஆட்கள் நாலு பேர் வயலில் இறங்கி, முழங்கால் சேற்றில் பயிரை மிதித்துக்கொண்டே அண்ணியைக் கட்டிலோடு தூக்கிப்போய் வண்டியில் ஏற்றினார்கள். அந்தப் பயிருக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை, கேஸும் விழவில்லை. நாங்கள் அதற்கப்புறம் சாலையோரப் புறம்போக்கில் ஒரு கீற்றுக்கொட்டகை போட்டுக்கொண்டோம். திடலுக்குத் திரும்பவே இல்லை.

ஆட்கள் இறங்குவதற்கு முன்னால் ஒரு காகிதம் இருந்தது. காரியக்காரர் சாலையில் நின்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பெண்ணே வாசித்துக் காட்டட்டும், பிறகு ஏமாற்றிவிட்டோம் என்று யாரும் சொல்லக் கூடாது என்றார். முள் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். சீக்கிரம் ஆகட்டும் ஆண்டே, புள்ள துடிக்குது என்றார். அந்த ஆண்டேயைக் கேட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஸ்டாம்பு ஒட்டிய காகிதம். கணக்கப்பிள்ளையின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. எங்கள் மனசாரவும் யாருடைய தூண்டுதலும் இன்றியும் மனையை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று இருந்தது. பாதி வழியில் என் வாய் நின்றுவிட்டது.

“ஏன் நிறுத்திட்ட ஆயி?”

வாசித்தேன். மேற்படி திடலையும், அதன் தெற்கே கப்பிச் சாலை முதல் திடல் வரையில் போக்குவரத்துக்கு உள்ள மூன்றடி அகல வரப்புப் பாதையையும், அதில் எங்களுக்கு இருந்துவரும் நடைபாதைப் பாத்தியத்தையும் சேர்த்து. பின்னால் நாங்கள் வந்து வழி கேட்டுவிடக் கூடாதே என்று அவர்கள் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

அப்பா காரியக்காரரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தக் குரலில் குத்தல் இல்லை, கோபமும் இல்லை. வெறும் ஆச்சரியம்தான் இருந்தது.

“அதையும் எழுதலாம் போலருக்கே ஆயி.”

கட்டைவிரலை நீட்டினார். மைப்பெட்டியை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.