ஜினெத் அழைத்து வந்த நாத்தனார்

ஜினெத்தின் கணவர் அதெலீனோ போன குளிர்காலத்தில் இறந்துபோனார். கொத்தனார். போர்ச்சுகலின் வடக்கே ஏதோ மலைக்கிராமத்திலிருந்து இளவயதில் ஜெனீவாவுக்கு வந்தவர். இந்த ஊர்ப் பெண்ணான ஜினெத்தைக் கட்டிக்கொண்டு, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடியிலேயே ஆயுளை முடித்தார். நான் அவர்களுக்குக் கீழே, மூன்றாம் மாடி.

ஜினெத் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் வீட்டு ஆட்கள் யாரையும் அவள் பார்த்ததே இல்லை. புரொட்டஸ்டன்ட் பெண்ணைக் கட்டியதால் அக்கா தெயொலிந்தா அவர் முகத்திலேயே விழிக்க மாட்டாள் என்று அதெலீனோ சொல்லியிருந்தார். கோபம் அந்தப் பக்கம்தான் என்பதால் இவளும் அதைக் கிளறவில்லை.

இந்த மே மாதம் பாரிஸிலிருந்து அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் போன் செய்தார். "தெயொலிந்தா அக்கா செவ்வாய்க்கிழமை வர்றாங்க. ஏர்போர்ட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வந்துடுங்க," என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

ஜினெத் மூச்சு வாங்க என் வீட்டுக்கு இறங்கி வந்தாள்.

"எதுக்குடி வர்றா? திட்டவா, அழவா?"

"ரெண்டுக்கும் சேர்த்து வீட்டைப் பெருக்கி வை," என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு அட்டையில் 'சில்வா' என்று எழுதி எடுத்துக்கொண்டு போனாள். போர்ச்சுகலில் பாதிப் பேர் சில்வா என்பது அவளுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பச்சைக் கோட்டு போட்ட ஒரு குண்டு அம்மாள் அட்டையைப் பார்த்ததும் கை நீட்டிக்கொண்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "தெயொலிந்தா?" என்று ஜினெத் கேட்டதற்கு, அவள் தன் நெஞ்சைத் தட்டி, "லூர்தெஸ், லூர்தெஸ்," என்றாள். வரும் வழியில் லூர்து மாதா கோயிலுக்குப் போய் வந்திருக்கிறாள் போலிருக்கிறது என்று ஜினெத் எடுத்துக்கொண்டாள். பக்தியுள்ளவள்தான், அதெலீனோ சொன்னது சரிதான் என்று மரியாதையாகத் தலையாட்டினாள்.

அந்த அம்மாளுக்கு பிரெஞ்சு தெரியாது. ஜினெத்துக்குத் தெரிந்த போர்ச்சுகீசு சாப்பாட்டு மேசையோடு சரி: மீன், ரொட்டி, போதும், படுக்க வா.

நேரே கல்லறைக்குத்தான் போக வேண்டும் என்று ஜினெத் நினைத்திருந்தாள். ஆனால் பஸ் ஏரிக்கரைக்கு வந்ததும் அந்த அம்மாள் ஜன்னல் வழியே பெரிய நீரூற்றைப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஜினெத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அன்றைக்குக் காற்று திசை மாறி மாறி அடித்தது. நீரூற்றின் சாரலில் நின்று, கோட்டு நனைய நனைய அவள் சிரித்தாள். பிறகு மலர்க் கடிகாரத்தின் முன்னால் நின்று ஒரு போட்டோ. மஞ்சள் படகில் ஏறி அக்கரை. ஐ.நா. வாசலில் நிற்கும் உடைந்த கால் ராட்சத மர நாற்காலிக்கு அடியில் இன்னொரு போட்டோ. இரண்டு உருண்டை ஐஸ்கிரீம் வாங்கி, ஒன்றை ஜினெத்தின் கையில் திணித்தாள்.

"தம்பி செத்து அஞ்சு மாசம்கூட ஆகலை," என்று ஜினெத் பிற்பாடு என்னிடம் சொன்னாள். "இவ ஐஸ்கிரீம் நக்கிட்டு நிக்கிறா. எனக்குத் தூக்கி ஏரியில போடணும்போல இருந்தது. ஆனா என்னமோ தெரியலை, நானும் நக்கிட்டுதான் நின்னேன். இந்தப் படகுல நானும் அவரும் ஏறினதே இல்லைன்னு அப்பதான் ஞாபகம் வந்தது. இந்த ஊர்லயே பொறந்தவ நான்."

மதியத்துக்கு மேல் ஒருவழியாக சாங்-ஜோர்ஜ் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். அந்த அம்மாள் மரங்களைப் பார்த்து ரசித்தபடி வந்தாள். அதெலீனோவின் கல்லுக்கு முன்னால் நின்றதும், பேரை எழுத்துக்கூட்டிப் படித்தாள், ஜினெத்தைப் பார்த்துப் புன்னகைத்தாள், பிறகு போனை எடுத்து அதையும் ஒரு போட்டோ பிடித்தாள்.

ஜினெத் பக்கத்துக் கல்லின் விளிம்பில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். கணவர் இறந்த அன்றுகூட அப்படி அழவில்லையாம். அந்த அம்மாள் ஒரு கணம் விழித்தாள். பிறகு கோட்டோடு புல்லில் மண்டியிட்டு, ஜினெத்தின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, சத்தமாக ஜெபம் சொன்னாள். சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள், உண்மையாகவே, மூக்கு வழிய அழுதாள். அப்போதுதான் ஜினெத்தின் மனம் ஆறியது. இவளுடைய துக்கம் இப்படித்தான் போலிருக்கிறது, மெதுவாக வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அதே நேரத்தில் என் வீட்டு மணி அடித்தது. வாசலில் ஒல்லியான ஒரு பெண், நரைத்த முடி, கறுப்பு உடை, கையில் ஒரு பழைய பெட்டி.

"நாலாவது மாடியில ஆள் இல்லை. ஜினெத் எங்க?" என்று சுத்தமான பிரெஞ்சில் கேட்டாள். "விமானம் தாமதம். வந்தா ஏர்போர்ட்ல ஒருத்தரும் இல்லை. நான் அதெலீனோவோட அக்கா."

"அக்காவைக் கூட்டிட்டு வரத்தான் ஜினெத் போயிருக்கா," என்றேன்.

"கூட்டிட்டாளா?"

"கூட்டிட்டு ஊர் சுத்திட்டு இருக்கா. போட்டோ அனுப்பினாளே." போனைத் திறந்து காட்டினேன். நாற்காலிக்கு அடியில் ஜினெத்தும் பச்சைக் கோட்டும்.

தெயொலிந்தா கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "இது யாரு?"

"அதைத்தான் நான் உங்களைக் கேக்கணும்," என்றேன்.

ஜினெத்தைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அவளுடைய போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. என் வீட்டில் உட்கார்ந்து நானும் தெயொலிந்தாவும் காபி குடித்தோம். நடுநடுவே அவள், "என் பேரைச் சொல்லியா ஒருத்தி வந்திருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

சாயங்காலம் படியில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன்.

"ஜோசியான், இவதான் என் நாத்தனார்," என்றாள் ஜினெத் என்னிடம்.

"இல்லை," என்றாள் உள்ளே இருந்து தெயொலிந்தா. "நான்தான்."

ஜினெத் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பச்சைக் கோட்டு அம்மாள் மட்டும் எல்லோருக்கும் முத்தம் கொடுத்தாள். பிறகு தெயொலிந்தா அவளிடம் போர்ச்சுகீசில் பேச, விஷயம் வெளியே வந்தது. அவள் பேரே லூர்தெஸ், லூர்தெஸ் சில்வா. ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் மகளைப் பார்க்க வந்தவள். தனக்கு வேலை முடியும்வரை தன் தோழி ஒருத்தி பேர் எழுதிய அட்டையோடு வந்து ஊர் சுற்றிக் காட்டுவாள் என்று மகள் சொல்லியிருந்தாள். தோழி அன்றைக்குத் தாமதம். கல்லறையையும் ஊரில் பார்க்க வேண்டிய இடம் என்றே லூர்தெஸ் நினைத்திருக்கிறாள்.

"அப்ப எதுக்கு அழுதாளாம்? கேளுங்களேன்," என்றாள் ஜினெத்.

தெயொலிந்தா கேட்டுச் சொன்னாள்: "நீ அழுதே, அவளுக்கும் அவ புருஷன் ஞாபகம் வந்துடுச்சாம்."

என் போனிலிருந்து கூப்பிட்டதும் மகள் ஹோட்டல் சீருடையோடு ஓடி வந்தாள். தாயைத் திட்டினாள், எங்களிடம் மன்னிப்புக் கேட்டாள், அழைத்துக்கொண்டு போனாள். போகும்போது லூர்தெஸ் ஜினெத்தின் கன்னத்தை இரண்டு கைகளாலும் பிடித்து என்னவோ சொன்னாள். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

இதோடு குழப்பம் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

"உங்களுக்கு பிரெஞ்சு எப்படித் தெரியும்?" என்று ஜினெத் கேட்டாள்.

"லியோன்ல பதினோரு வருஷம் ஒரு வீட்ல வேலை பார்த்துட்டுத்தானே ஊருக்குத் திரும்பினேன்."

"லியோனா? இங்க பக்கத்துல இருக்கிற லியோனா?"

"அதெலீனோ மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை வருவானே. உனக்குத் தெரியாதா?"

மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் லியோனுக்குக் கால்பந்து பார்க்கப் போவார். அது எனக்கும் தெரியும். திரும்பி வந்து எங்கள் வீட்டுப் படியில் நின்று ஆட்டத்தைப் பற்றி விவரமாகச் சொல்வார்.

"என்னைப் பிடிக்காது, அதனால அவர் முகத்துலயே முழிக்க மாட்டீங்கன்னு சொன்னாரே."

"நானா? உனக்குத்தான் எங்க ஆளுங்களைக் கண்டா ஆகாதுன்னு சொன்னான். அவளை வற்புறுத்தாதே அக்கா, ரொம்ப நல்லவ, ஆனா வெட்கப்படுறான்னு சொன்னான்."

"எதைப் பார்த்து வெட்கம்?"

"அது எனக்கும் புரியலை. கேட்டா வேற பேச்சு பேசுவான்."

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் திறந்தேன். அவர் நல்ல மனிதர் என்று சொல்லத்தான். என் சாமான்களை எத்தனை முறை மாடி ஏற்றிக் கொடுத்திருக்கிறார். ஆனால் பார்க்காத ஆட்டங்களைப் பற்றி என்னிடமும் அல்லவா சொல்லியிருக்கிறார் என்று தோன்றியதும் வாயை மூடிக்கொண்டேன்.

தெயொலிந்தா ஒரு வாரம் இருந்தாள். அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் அவரைப் பற்றித்தான் பேசினார்கள். அக்கா சொன்ன அதெலீனோ பாடுவாராம், சமைப்பாராம். ஜினெத்தின் அதெலீனோவுக்கு முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது. இரண்டு வாழ்க்கையையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள அவருக்குப் பிடித்திருக்கும் என்றாள் தெயொலிந்தா. பயந்தாங்கொள்ளி என்றாள் ஜினெத். மறுநாள் அவளே அதை மறுத்தாள். கோபப்படுவதா, பாவம் என்று விடுவதா என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. "உயிரோட இருந்தா சட்டையைப் பிடிச்சுக் கேக்கலாம்," என்பாள்.

கல்லறைக்குப் போக தெயொலிந்தா முதலில் மறுத்தாள். கடைசி நாள்தான் போனார்கள், என்னையும் கூட்டிக்கொண்டு. கல்லின் மேல் வெள்ளைப் பூக்கள் புதிதாக இருந்தன. காவலாளி, பச்சைக் கோட்டு போட்ட ஒரு அம்மாள் காலையில் மகளோடு வந்து வைத்துவிட்டுப் போனதாகச் சொன்னார்.

"அவருக்குச் சொந்தமா?" என்று கேட்டார்.

ஜினெத் யோசித்தாள். "ஆமா, ஒரு வகையில," என்றாள். பிறகு தெயொலிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தாள்.